வண்டுகொல்லியும் மருதோன்றியும்

காவிரிக் கடைமடையாகிய வேளாங்கண்ணி வட்டாரத்தில், நடவுக்காலந்தோறும் உழவுப் பெண்டிரின் கால்விரல் இடுக்குகள் ஊறி, வெளுத்து, வெடித்து அரிப்பெடுப்பதைக் காண்கிறோம். இதனைச் சேற்றுப்புண் என்பர். பெயர் சேற்றின்மேல் பழி சுமத்தினும், ஈரத்தோலில் குடியேறும் பூஞ்சையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

நம் மூதாட்டியர் இதற்கு மருதோன்றி இலையை அரைத்து அப்பினர். பேச்சு வழக்கில் நாம் மருதாணி என்பது இதனையே. மணநாளில் கைக்குச் சிவப்பூட்டும் லாசோன் என்னும் நிறப்பொருள், பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

தமிழ் பயில்வோர்க்கு இன்னும் சுவையூட்டுவது வண்டுகொல்லி. வட்டவட்டமாய்ப் பரவும் படர்தாமரைக்கு வண்டுகடி என்றும் பெயருண்டு. ஆகவே, அதனைப் போக்கும் செடி வண்டுகொல்லி ஆயிற்று. கொல்வதென்னவோ வண்டையன்று, பூஞ்சையைத்தான்! சீமையகத்தி என்னும் மறுபெயர், இச்செடி அயல்நாட்டு வரவு என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பிலிப்பைன்சில் இதனை அகாபுல்கோ என்பர். மெக்சிகோ நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரும் அதுவே. பிலிப்பைன்சு நாட்டு நலவாழ்வுத் துறை ஏற்றுப் பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்றாகும். இலையிலுள்ள கிரைசோபனால் முதலிய பொருள்களே பூஞ்சையை ஒடுக்குவன என்பர்.

எனினும், ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை அடக்கிய சாறு, மனிதத் தோலிலும் அவ்வாறே வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. கையால் அரைக்கும் விழுதுக்கு அளவும் இல்லை. இன்று நோயும் மாறிவிட்டது. கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே செழித்துப் படரும். பழைய இலை வைத்தியத்தைவிட நாம் அஞ்சவேண்டியது இதற்கே. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மைய அரசு 2018-இல் ஆணையிட்டது. 2020-இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்னும் பூஞ்சை, வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்கே பலரிடம் மசிவதில்லை. புதிய மருந்துப் பொருள்களைத் தேடுவோர் இவ்விலைகளையும் ஆராய்வது இதனாலேயே பொருளுடையதாகிறது.

வயலினின்று கரையேறியதும் விரலிடுக்குகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே எதனையும் பூசுதல் வேண்டும். சாயம் கலந்த கறுப்பு மருதாணி தோலைப் புண்ணாக்கவல்லது, அது கூடாது. உடலெங்கும் படர்ந்த தாமரைக்கும், நீரிழிவுடையோரின் கால் வெடிப்புக்கும் இலையை நாடாது மருத்துவரிடமே செல்க.