வெள்ளம் வடிந்தது, வீடியோவும் போனது

கைக்குள் ஒரு திரை – 17

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ஓடியது. சென்னையிலிருந்து தெற்கே போகிற முக்கியத் தடம் அது. சில ரயில்கள் ரத்தாயின, சில வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டியதில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வர, தென்பெண்ணை பொங்கி அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஏறியது.

டிவி வண்டிகள் வந்து சேர்வதற்குள் ஊர்ப் பையன்கள் ஃபேஸ்புக்கில் லைவ் போட்டுவிட்டார்கள். லென்ஸில் மழைத்துளி, ஆடுகிற கை, காற்றில் பாதி கேட்காத குரல். ஆனால் எந்தக் கல்வெர்ட் அடைத்துக்கொண்டது, எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. பயிர் நிவாரணத்துக்கு மனு எழுதுகிறவருக்கும், அடுத்த முறை வாய்க்கால் தூர்வாரத் திட்டம் போடுகிற பொறியாளருக்கும் இதைவிட நல்ல ஆவணம் வேறென்ன இருக்கும்?

அந்த லைவ்களுக்கு ஆயுள் எவ்வளவு? 2025 பிப்ரவரி 18 அன்று, புயல் கடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மறுநாள் முதல் போடுகிற லைவ் எதுவானாலும் 30 நாள்தான் இருக்கும். அதற்கு முன் போட்ட பழைய லைவ்களும் படிப்படியாக அழிக்கப்படும். மின்னஞ்சலிலும் செயலியிலும் தகவல் வரும். வந்த பிறகு 90 நாளுக்குள் தரவிறக்கிக்கொள்ளலாம். லைவ்களைப் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். வியாபாரக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். வெள்ளத்தின் கணக்கு வேறு. அந்த வீடியோவைத் தேடுகிற நாள், அடுத்த வெள்ளம் வருகிற நாள்.

90 நாள் தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் ‘நம்ம ஊர்’ என்ற பெயரில் இருக்கும் பக்கங்களை யார் தொடங்கியிருப்பார்கள் என்று பாருங்கள். கல்லூரியில் படித்தபோது ஒரு பையன் தொடங்கியிருப்பான். இப்போது அவன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பான். பதிவு செய்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு அவனுக்கே மறந்திருக்கும். எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது அந்தப் பெட்டிக்குத்தான்.

போன வாரம் போட்டோக்களைப் பற்றிப் பேசினோம். தொலைந்துபோவதில் வீடியோ அதைவிட மோசம். போட்டோவையாவது நாலு பேர் இறக்கி வைத்திருப்பார்கள். வீடியோ பெரிய கோப்பு என்பதால், ஏற்றியதும் ‘அதான் யூடியூப்ல இருக்கே’ என்று போனிலிருந்து அழித்துவிடுகிறோம். இடம் காலியாகிறது, மனசும் லேசாகிறது. அந்த நொடியில் மூலப் பிரதி போய்விட்டது. பிறகு யூடியூப் ஸ்டூடியோவிலிருந்து இறக்கினால் கிடைப்பது பெரும்பாலும் 720பி தரத்துக்கு மேல் இருக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரிய நிறுவனம், மூடவா போகிறார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. கூகுள் தன் சொந்தப் பெயரிலேயே ‘கூகுள் வீடியோ’ என்ற தளத்தை 2005இல் தொடங்கியது. 2006இல் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்கியது. 2009இல் தன் பழைய தளத்தில் புதிய வீடியோக்கள் ஏற்றுவதை நிறுத்தியது. 2012 ஆகஸ்டில் இழுத்து மூடியது. குறு வீடியோ தளமான வைன் 2017 ஜனவரியில் போனது. இங்கே நமக்கு நன்றாக நினைவிருப்பது டிக்டாக்தான். 2020 ஜூன் 29 இரவு, மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. மூடியது நிறுவனம் அல்ல, அரசு. எனவே 30 நாள், 90 நாள் என்ற பேச்சே இல்லை. கரும்பு வெட்டுகிற இடத்திலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் லட்சம் பேரைச் சேர்த்தவர்களுக்கு, ஓரிரு நாளில் அந்த லட்சம் பேரும் இல்லாமல் போனார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விவாதம்.

வீடியோ தொலைவதற்குத் தளம் மூட வேண்டும் என்றுகூட இல்லை. 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் சன்சத் டிவி யூடியூப் சேனலையே ஹேக் செய்து, ‘எத்தீரியம்’ என்று ஒரு கிரிப்டோ நாணயத்தின் பெயரை வைத்தார்கள். கணக்கு முடக்கப்பட்டதாகத் திரையில் வந்தது. 2024 செப்டம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் சேனலில் கிரிப்டோ விளம்பரம் ஓடியது. இரண்டும் மீண்டும் கிடைத்தன. நாடாளுமன்றம் கூப்பிட்டால் கூகுள் போனை எடுக்கும். விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா கூப்பிட்டால்?

கூத்து என்றதும் இன்னொன்று. விடிய விடிய நடக்கிற ஆட்டத்தை ஏற்றுகிறீர்கள். இடையில் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. பாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் அவருக்குப் போகலாம், அல்லது வீடியோவே முடக்கப்படலாம். அதையும் தாண்டி உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்தால் அது ‘ஸ்ட்ரைக்’. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் என்றால் சேனலே போகும், எட்டு வருஷமாக ஏற்றிய கூத்து இருந்தாலும் அதுவும் சேர்ந்துதான்.

அதற்காக யூடியூபை விட்டு ஓட வேண்டாம். அது சந்தை, கடை விரிக்கலாம், விதைநெல்லை அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாது. போனில் எடுக்கிற ஒரு மணி நேர வீடியோ சுமார் 4 முதல் 8 ஜிபி பிடிக்கும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். விலை சில ஆயிரம் ரூபாய்தான். ஒரே டிஸ்க்கை நம்புவதும் ஆபத்து, கீழே விழுந்தால் முடிந்தது. இரண்டு வாங்குங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும், வெள்ளம் வருகிற ஊரில் மாடியில் இருக்கட்டும். கோப்புக்கு ஊர், தேதி, நிகழ்ச்சி மூன்றையும் பெயராக வையுங்கள். யூடியூபில் ஏற்கெனவே ஏற்றியவற்றை மொத்தமாக எடுக்க ‘கூகுள் டேக்அவுட்’ இருக்கிறது. இன்னொரு பிரதி வைக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் லாப நோக்கில்லாத நல்ல இடம்தான். ஆனால் 2024 அக்டோபரில் சைபர் தாக்குதலில் அதுவும் சில நாள் படுத்துவிட்டது.

கல்யாணமோ கும்பாபிஷேகமோ கூத்தோ, வீடியோக்காரர் ‘லிங்க் அனுப்பிடறேன் சார்’ என்பார். லிங்க் வரட்டும். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், எடுத்த ஒரிஜினல் கோப்புகளை உங்கள் டிஸ்கில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவிலும் இடம் போதாது, அடுத்த முகூர்த்தம் வந்ததும் பழையதை அழித்துவிடுவார்கள்.

(தொடரும்)