இலங்கையைக் காட்டிக் கேட்கிறார்கள்: நம் பதில் என்ன?

இயற்கை விவசாயம் என்று வாயெடுத்தாலே, "இலங்கையில என்ன ஆச்சுன்னு பாத்தீங்கள்ல?" என்று கேட்கிறார்கள். இதற்கு நாம் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்ச, பத்து ஆண்டுகளில் இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்றுதான் வாக்குறுதி கொடுத்தார். ஆனால் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். நாட்டுக்குப் போதுமான இயற்கை உரமும் இல்லை, விவசாயிகளுக்குப் பயிற்சியும் இல்லை. சீனாவிலிருந்து வந்த உரக் கப்பலையும், நோய்க்கிருமி இருக்கிறது என்று இறக்க விடவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள்.

சிக்கிம் 2003-இல் இதே பாதையில் கிளம்பியது. உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தது. கூடவே உரக்குழி, பயிற்சி, சான்றிதழ் எல்லாம் கொடுத்தது. 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அது சின்ன மாநிலம், முன்பே ரசாயன உரம் குறைவு, விற்பனையில் சிரமம் உண்டு. இதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனால் 13 ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம சிவகாசியையே பாருங்கள். பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியமும் சரவெடியும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 அக்டோபர் 23-இல். நோக்கம் நல்லதுதான். ஆனால் நீரி ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசு வெளியானது 2019 அக்டோபரில். நடுவில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கஷ்டப்பட்டது கூலிக்குப் போனவர்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். தென்னைக்குக் கடன் கொடுத்தால், காய்ப்புக்கு வரும்வரை அசலுக்குத் தவணை கேட்க மாட்டோம். 'ஹாலிடே பீரியட்' என்போம். அந்த அவகாசம் இல்லாவிட்டால் நல்ல திட்டமும் வாராக்கடன் ஆகிவிடும். அரசின் சீர்திருத்தத்துக்கும் இதே கணக்குதான். பலன் வரும்வரை நட்டத்தை யார் தாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

என் கரிசல் காட்டில் குதிரைவாலியும் உளுந்தும் முதல் இரண்டு வருஷம் குறைவாகத்தான் விளைந்தன. சான்றிதழுக்கே பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை இயற்கை விளைச்சலுக்கான விலையும் கிடைக்காது. பக்கத்துக் காட்டுக்காரரை மாறச் சொன்னேன். "உங்களுக்குப் பென்ஷன் வருது சார், எனக்கு யாரு தருவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே தோழர்களே, 'உரத்தைத் தடை செய்' என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டாம். மாறுகிற விவசாயிக்கு அந்த மூன்று ஆண்டுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஈட்டுத்தொகை கேட்போம். அடுத்த குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நான் கொடுக்கப்போகும் மனு இதுதான். நீங்களும் உங்கள் மாவட்டத்தில் கொடுங்கள்.