ஒரு பாத்தி கீரையும் நாலு பேர் துணையும்

தில்லி, மும்பை, புணே என்று வேலைக்காகக் குடியேறிய நம் குடும்பங்களில், ஊரை விட்டு வந்து சேரும் பெற்றோர் பாடுதான் சிரமம். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ட்யூஷன். பக்கத்து வீட்டில் பேசலாமென்றால் பாஷை தெரியாது. "ஊர்ல திண்ணையில உக்காந்தாலே நாலு பேர் பேசிட்டுப் போவாங்க" என்ற பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தனிமை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமே 2023-ல் இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது.

இதற்கு ஒரு நல்ல வழி சமுதாயத் தோட்டம். அதாவது, பல குடும்பங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து பயிரிடுவது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1865-ல் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். பிறகு ஓர் ஆசிரியர் அங்கே பிள்ளைகளுக்குப் பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சலித்துப் போயிற்று. பெற்றோர் மண்வெட்டியை எடுத்தார்கள். அவையே குடும்பத் தோட்டங்களாகி, 'ஷ்ரேபர் தோட்டம்' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவின.

இதனால் மனசுக்குப் பலன் உண்டா? அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 291 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சமுதாயத் தோட்டத்தில் பாத்தி, விதை, நாற்று, தொடக்கப் பயிற்சி எல்லாம் கிடைத்தன. மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, தோட்டம் கிடைத்தவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. சாப்பாட்டில் நார்ச்சத்தும் சற்றுக் கூடியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவிலும் தோட்டவேலை ஒரு பயிற்சியாக இருந்து வருகிறது.

காரணம் வெயிலும் உழைப்பும் மட்டுமல்ல. பூங்காவில் நடக்கப் போகிறவர் ஒருநாள் வராவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் முறை தப்பினால், "ஏன் வரலை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு ஆள் வந்துவிடும். பாஷையும் தடையாகாது. அவர் காட்டி 'பிண்டி' என்பார், நம் பாட்டி 'வெண்டை' என்பார். பத்து நாளில் இருவருக்குமே இரண்டு சொல்லும் வந்துவிடும். அதைவிட, விதைப்பு பற்றித் தெரிந்த பெரியவரிடம் நாலு பேர் யோசனை கேட்பார்கள். ஊரில் இருந்த மதிப்பு இங்கேயும் கிடைக்கும்.

தொடங்க நிறையப் பணம் வேண்டாம். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி முதலில் வேண்டும். மொட்டை மாடி என்றால், பாரம் தாங்குமா, நீர் கசியுமா என்று பொறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வீடு, பத்துத் தொட்டி போதும். தில்லிப் பக்கம் தீபாவளியை ஒட்டி வெந்தயக்கீரை, முள்ளங்கி விதைக்கலாம். கோடைக்கு வெண்டையும் தண்டுக்கீரையும். மூட்டுவலிக்காரர்களுக்குத் தொட்டியை இடுப்பு உயரத்தில் வையுங்கள். யார் என்றைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று எழுதி மாடிப்படியருகே ஒட்டிவிடுங்கள்.

தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். தோட்டம் அதற்கு மாற்று ஆகாது.

பெற்றோருக்குத் தனி அறை கொடுத்தோம், டிவி வாங்கிக் கொடுத்தோம் என்று நின்றுவிடாமல், அவர்களை நம்பி நாலு பேர் காத்திருக்கும் ஒரு வேலையையும் கொடுப்போமே!