பனிவண்டிக்குப் பனி மட்டும் போதாது

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் பின்லாந்தின் வடகோடியிலும் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 25, மைனஸ் 30 டிகிரி என்று இறங்குவது உண்டு. அந்தக் குளிரில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலின் இன்ஜினைக் குளிர்விப்பதும் ஒரு பிரச்சினையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பிரச்சினைதான். வெளியே எவ்வளவு குளிர் என்பதை இன்ஜின் பார்ப்பதில்லை. எவ்வளவு சக்தி தருகிறதோ அதற்கேற்ற வெப்பத்தை அது வெளியே தள்ளியே தீரும். இன்று விற்பனையில் உள்ள 850 சிசி டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் இன்ஜின் ஒன்று 165 குதிரைத்திறன் தருகிறது. நம் சாலைகளில் ஓடும் 1200 சிசி சிறு கார்களின் சக்தி பெரும்பாலும் 80, 90 குதிரைத்திறன்தான். காருக்கு முன்பக்கம் அகலமான ரேடியேட்டரும் அதன் பின்னால் தாராளமான இடமும் இருக்கின்றன. ஸ்னோமொபைலோ மொத்தமே 200 கிலோ சுமாருக்குள் அடங்கும் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரு ரப்பர் பட்டை, நடுவில் ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் இன்ஜின். ஒரு காரின் வெப்பத்தைவிட அதிகமான வெப்பத்தை மோட்டார் பைக்கின் இடத்துக்குள்ளிருந்து வெளியேற்ற வேண்டும் என்பதுதான் வடிவமைப்பாளர் முன்னால் இருக்கும் கணக்கு.

தொடக்கத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு கடினமாக இல்லை. கியூபெக்கின் வால்கோர்ட் ஊரைச் சேர்ந்த ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் சக்தி பத்துக் குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. சிலிண்டரைச் சுற்றி உலோகத் தகடுகள், அவற்றின்மேல் வீசும் காற்று என்பதே அன்றைய குளிர்விப்பு முறை. ரால்ஃப் பிளேஸ்டெட் குழுவினர் 1968-இல் வட துருவத்தை அடைந்ததும் காற்றால் குளிர்ந்த ஸ்கி-டூ வண்டிகளில்தான். பிறகு பந்தயங்கள் வந்தன, வேகம் வந்தது, சக்தி பெருகியது. 1970-களில் நீரால் குளிரும் இன்ஜின்கள் ஸ்னோமொபைலுக்குள் நுழைந்தன.

காற்றே போதும், நீர் எதற்கு என்ற வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விசிறியால் குளிரும் எளிய வண்டிகள் விற்கவும் செய்கின்றன. குறைந்த சக்திக்கு அந்த வாதம் சரியானதே: கசியக் குழாய் கிடையாது, உறையத் திரவம் கிடையாது, பழுது பார்ப்பது சுலபம். ஆனால் டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் ஒரு பக்கத்தில் எரிந்த வாயு வெளியேறும் வாய் இருக்கிறது. மற்ற பக்கங்களில் புதிய எரிபொருள் கலவை நுழையும் வாய்கள் இருக்கின்றன. முதல் பக்கம் கொதிக்கும், மற்றவை ஒப்பளவில் குளிர்ந்திருக்கும். சக்தி கூடக் கூட இந்த ஏற்றத்தாழ்வும் கூடி, வட்டமாக இருக்க வேண்டிய சிலிண்டர் கோணத் தொடங்குகிறது. விசிறிக் காற்றால் அதைச் சமன் செய்ய முடியாது. சிலிண்டரைச் சூழ்ந்து ஓடும் நீரால் முடியும். நூறு குதிரைத்திறனைத் தாண்டிய வண்டிகள் நீரை நாடியதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வெப்பத்தை நீர் இன்ஜினிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. அதை எங்கே கொட்டுவது? இந்த இடத்தில்தான் ஸ்னோமொபைல் மற்ற எல்லா வண்டிகளிலிருந்தும் பிரிந்து தன் வழியே போகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ நீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. முழு வேகத்தில் ஓடும் வண்டியின் குளிர்நீரில் 60 கிலோவாட் வெப்பம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனியைச் சூடாக்கி உருக்குவதன் மூலமே அவ்வளவு வெப்பத்தையும் தீர்க்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ பனி போதும். காற்றைக் கொண்டு தீர்க்க வேண்டுமானால், காற்றை 40 டிகிரி சூடாக்குவதாகக் கொண்டாலும், நிமிடத்துக்கு 90 கிலோ காற்றை, அதாவது 60 கன மீட்டருக்கும் மேல், மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியே ஊத வேண்டும். இன்னொரு பக்கம் பாருங்கள்: 38 சென்டிமீட்டர் அகலப் பட்டையுடன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நிமிடத்துக்கு 380 சதுர மீட்டர் பனியைக் கடக்கிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதுப்பனி கிடந்தால் அதன் எடை 3,800 கிலோ வரும். தேவையான 10 கிலோ அதில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த ஒரு துளிப் பங்கை எடுத்துக்கொள்ள எளிமையான ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். பட்டை சுழலும் இடத்துக்கு மேலே, இருக்கைக்குக் கீழே, அலுமினியத் தகட்டாலான நீண்ட கூடு ஒன்று உண்டு. வண்டியின் முதுகெலும்பே அதுதான். அந்தக் கூட்டின் உட்பக்கத்தில், உள்ளே நீர் ஓடும் வழிகளும் வெளியே வரிவரியான தகடுகளும் கொண்ட அலுமினிய வெப்பமாற்றிகளைப் பொருத்துகிறார்கள். சுழலும் பட்டை பனியை வாரி மேலே எறிகிறது. பனி சூடான தகட்டில் பட்டு உருகி வழிகிறது. குளிர்ந்த நீர் இன்ஜினுக்குத் திரும்புகிறது. இதற்கென்று தனியாக விசிறி வேண்டாம், ரேடியேட்டருக்கான இடம் வேண்டாம், காற்று புகுவதற்கு முன்பக்கத்தில் திறப்பு வேண்டாம். பல வடிவமைப்புகளில் வெப்பமாற்றியே கூட்டின் ஒரு சுவராகவும் இருந்து பாரம் தாங்குகிறது. ஒரே உலோகத்துக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கும் இந்த முறையைப் போலக் கச்சிதமான குளிர்விப்பு வேறு எந்த வண்டியிலும் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

ஆயினும் இந்தக் கச்சிதத்தின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: பனி எப்போதும் பொலபொலவென்று கிடக்கும், வண்டி எப்போதும் அதை வாரி எறியும் வேகத்தில் போகும். உறைந்த ஏரியின்மேல் காற்று பனியைத் துடைத்துவிட்டுப் போயிருந்தால் இந்த அனுமானம் உடைகிறது. கெட்டிப் பனிக்கட்டியைப் பட்டையால் வார முடியாது. காலடி பட்டு இறுகிய பாதையில் நடை வேகத்தில் போனாலும் இதே நிலைதான். பனி கீழே கிடக்கும், தகட்டை எட்டாது. மார்ச், ஏப்ரலில் மேற்பரப்பு உருகி மீண்டும் உறையும் நாட்களில் இது தினசரித் தொல்லை. இதற்காக ஓட்டுபவர்கள் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். முனையில் உறுதியான உலோகம் வைத்த கம்பிச் சுருள், பட்டைக்கு முன்னால் பனிக்கட்டியைக் கீறிக்கொண்டே வரும். சிதறும் துகளைப் பட்டை அள்ளித் தகட்டின்மேல் போடும். உதவுகிற கருவிதான். ஆனால் நடை வேகத்தில் அதுவும் பெரிதாக எதையும் கீறி எறிவதில்லை. தவிர, வண்டியின் உயிர்நாடியான வேலையைக் கடையில் தனியாக வாங்கி மாட்டும் கம்பியிடம் ஒப்படைப்பது, வடிவமைப்பில் விட்டுப்போனதை வாங்கியவர் தலையில் கட்டுவதாகும்.

வழக்கமான ரேடியேட்டரை மட்டும் வைத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு மேலே சொன்ன 60 கன மீட்டர் காற்றே பாதிப் பதில். மீதிப் பதில் பனித்தூள். காற்று புகும் வழியெல்லாம் தூளும் புகும். ரேடியேட்டரின் இடுக்குகளில் படிந்து, உருகி, மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். முழுச் சக்திக்கான ரேடியேட்டர் இந்த வண்டியில் அடங்காது, அடங்கினாலும் நம்ப முடியாது.

எதிர்த்திசையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. குளிர்விப்பு என்ற சொல் அதை மறைத்துவிடுவதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆழமான புதுப்பனியில் ஓடும்போது வெப்பமாற்றியில் இருக்கும் நீர் உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்துவிடும். அது திடீரென்று சூடான இன்ஜினுக்குள் பாய்ந்தால் சிலிண்டர் சுருங்கும், உள்ளே இருக்கும் பிஸ்டன் சூட்டில் விரிந்தபடியே இருக்கும். 82 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.16 மில்லிமீட்டர் விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடப்படும் இடைவெளியே பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டும் சேர்ந்து விரிந்தால் தொல்லையில்லை. ஒன்று விரிய மற்றொன்று சுருங்கினால் பிஸ்டன் கவ்விப் பிடித்து இன்ஜின் நின்றுவிடும். காலையில் எடுத்தவுடன் சூடேற விடாமல் முறுக்குபவர்களின் இன்ஜின் சிக்கிக்கொள்வதும் இதனால்தான். ஆகவே தெர்மோஸ்டாட் இந்த அமைப்பில் ஓர் உபரி உறுப்பு அல்ல. இன்ஜின் சூடேறும்வரை நீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைத்து, பிறகு குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அனுப்புவது அதன் பொறுப்பு. வெறும் நீரும் உதவாது. எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. அதற்கு விலையாக, அந்தக் கலவை வெறும் நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும், குளிரில் கெட்டிப்பட்டு பம்பையும் சிரமப்படுத்தும். நீளமான சுற்றுப்பாதையில் காற்றுக் குமிழ் தங்கினால் நிலைமை இன்னும் மோசம். மலைச்சரிவில் வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது எது மேடு, எது பள்ளம் என்பதே மாறிவிடுகிறது. சமதளத்தில் ஒழுங்காகக் குமிழை வெளியேற்றும் குழாய் அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். குழாயின் மேடுபள்ளத்தை எல்லாச் சாய்வுகளிலும் பார்த்து அமைப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. நல்ல வடிவமைப்பும் மோசமான வடிவமைப்பும் பிரிவது பெரும்பாலும் இங்கேதான்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது சரியான தீர்வு இரண்டும் சேர்ந்த அமைப்பு என்பது என் முடிவு. பெருஞ்சக்தியின் வெப்பத்தைப் பனி தீர்க்கட்டும்; ஏனென்றால் பெருஞ்சக்தி தேவைப்படும் வேகத்திலும் ஆழத்திலும் பனி தானாகவே வந்து சேர்கிறது. பனி வராத மெதுவான நேரத்தில் இன்ஜின் தரும் சக்தியும் குறைவு. அப்போது 8 கிலோவாட் வெப்பம் நீரில் இறங்குவதாகக் கொண்டால், 40 டிகிரி சூடேறும் காற்று நிமிடத்துக்கு 12 கிலோ போதும். நடுத்தர மோட்டார் பைக்கின் முன்னால் நாம் பார்க்கும் அளவிலான ரேடியேட்டரும் ஒரு சிறு மின்விசிறியும் அதைச் செய்துவிடும். பனித்தூள் நேரே மோதாத இடத்தில் வைத்து, நீர் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மட்டும் விசிறி சுழலும்படி அமைத்தால் அடைப்பும் பெரிதாக இராது. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. சுமை இழுக்கவும் மெதுவாக வேலை செய்யவும் செய்யப்படும் சில ஸ்னோமொபைல்களில் விசிறியுடன் கூடிய ரேடியேட்டர் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற வண்டிகளில் எடையைக் காரணம் காட்டி விட்டுவிடுகிறார்கள்.

எடை பற்றிய மறுப்பை அலட்சியம் செய்ய முடியாது. ஆழமான பனியில் ஒவ்வொரு கிலோவும் வண்டியை அமிழ்த்தும். ஆனால் உருகிய நீர் கூட்டின் குளிர்ந்த மூலைகளில் மீண்டும் உறைந்து கிலோக்கணக்கில் ஒட்டிக்கொள்வது எல்லா ஸ்னோமொபைலிலும் நடப்பதுதான். அந்த எடையைச் சகித்துக்கொள்கிறவர்கள் பாதுகாப்புக்கான சில கிலோவை மட்டும் எதிர்ப்பது பொருந்தவில்லை. அனுபவமுள்ளவர்கள் எழுப்பும் இன்னொரு மறுப்பு கூர்மையானது: பட்டையை வழிநடத்தும் பிளாஸ்டிக் தண்டவாளங்களையும் பனிதான் குளிர்விக்கிறது, பனி இல்லாத இடத்தில் ரேடியேட்டர் இன்ஜினைக் காப்பாற்றினாலும் அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்து உருகிப்போகுமே? வேகமாகப் போனால் உருகும் என்பது உண்மை. எனினும் உராய்வின் வெப்பம் வேகத்தோடு கூடுவது. நடை வேகத்தில் அது சொற்பம். கூடுதலாகச் சில சக்கரங்களைப் பொருத்தினால் இன்னும் குறையும். இன்ஜினின் கதை அப்படியில்லை. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெப்பத்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். மெதுவாகப் போ என்பது பிளாஸ்டிக்குக்கு மருந்து. பனிக்காகக் காத்திருக்கும் இன்ஜினுக்கு அதுவே நஞ்சு.

இதை வலியுறுத்த வேண்டியிருப்பதற்குக் காரணம் இந்த வண்டியை நம்பியிருக்கும் மனிதர்கள். வடகனடாவில் வேட்டைக்குப் போகும் இனுயிட் மக்களுக்கும் ஸ்காண்டினேவியாவின் வடக்கில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களுக்கும் இது பொழுதுபோக்கு வாகனமல்ல. ஊரிலிருந்து பல மைல் தள்ளி இன்ஜின் நின்றால் அது உயிருக்கே ஆபத்து. பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் 1934 குளிர்காலத்தில், பனி மூடிய சாலைகளைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இறந்தான். பனியைக் கடக்கும் வண்டிக்கான அவருடைய உழைப்போடு அந்த இழப்பும் பிரிக்க முடியாமல் சேர்ந்திருக்கிறது. அவசரத்துக்கென்று பிறந்த வண்டியை அதன் சிறந்த மணி நேரத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. அதோடு பனியே இப்போது நம்பத்தக்கதாக இல்லை. 2023–24 குளிர்காலம் அமெரிக்கப் பெருநிலப்பகுதியில் பதிவேடுகளிலேயே மிகவும் வெப்பமான குளிர்காலம். மின்னசோட்டா போன்ற ஏரி மாநிலங்களில் பனிப்பாதைகள் பல திறக்கவே இல்லை.

எப்போதும் ஆழ்பனியிலேயே ஓடும் மலை வண்டிகளுக்கு இதிலிருந்து விலக்குத் தரலாம். உறைந்த ஏரிகளைக் கடந்து ஊருக்கு ஊர் போகும் வண்டி எதுவும், விசிறியுடன் கூடிய ஒரு சிறு ரேடியேட்டர் இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வெளியே வரக் கூடாது.