ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஒழுகுகிறதா? மெக்கானிக்கை அழைக்கும் முன் இதைப் பாருங்கள்

மேலே ஐஸ் உறைந்திருக்கிறது. கீழ்த்தட்டில் பால் திரிந்துபோகிறது. காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இப்படி நடந்தால் பல வீடுகளில் முதலில் சொல்லப்படுவது, “கேஸ் முடிஞ்சு போச்சு” என்பதுதான். கேஸ் நிரப்பிப் பணமும் கொடுத்த சில வாரங்களில் அதே தண்ணீர் மறுபடியும் ஒழுகுகிறது.

மாணவர்களே, படிவம் 4 இயற்பியலில் ‘வெப்பம்’ என்ற பாடத்தைப் படித்தவர்களால் இந்தக் கோளாறின் காரணத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட முடியும்.

பேராக்கில் 1930-ஆம் ஆண்டிலேயே செண்டெரோ அணையின் நீர்மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. ஆனால், ரப்பர் தோட்டங்களின் லயன் வீடுகளில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பின்னாளில் பல தோட்டங்களுக்கு வந்த ஜெனரேட்டரும் மாலையில் சில மணி நேரமே ஓடியது. அங்கே ஐஸ் பெட்டி வைக்க வழியில்லை. தோட்டத்தை விட்டுப் புந்தோங், சுங்கை சிப்புட் போன்ற இடங்களுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அது சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய பொருள்.

இன்று அந்தப் பெட்டிக்குள் தோசை மாவும் மீன் குழம்பும் மட்டும் இருப்பதில்லை. தாத்தா பாட்டியின் இன்சுலினும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அது உருகிய பிறகும் பயன்படாது. ஆகவே பெட்டி குளிராமல் போனாலும் ஆபத்து. அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஆபத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஐஸ் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. உட்புறச் சுருளில் திரவம் ஆவியாகும்போது மறை வெப்பத்தை, அதாவது நீங்கள் பள்ளியில் ‘ஹாபா பென்டாம்’ என்று படிப்பதை, உறிஞ்சிக்கொள்கிறது. கம்பிரஸர் அந்த ஆவியை அழுத்திப் பின்புறச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது.

தண்ணீர் நம் ஊர்க் காற்றிலிருந்து வருகிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் சுமார் 7 கிராமைத்தான் தாங்கும். மீதி 17 கிராம் நீராகவோ உறைபனியாகவோ படிந்துவிடும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று உள்ளே புகுகிறது.

உறைபனி தானாகக் கரையும் வகைப் பெட்டியில், ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது சுருளில் படிந்த பனியை உருக்குகிறது. உருகிய நீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்பிரஸருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் சூட்டில் ஆவியாகிவிடும். அந்தத் துளை அடைபட்டால் நீர் உறைந்து பனிக்கட்டியாகும், அல்லது வழிந்து உள்ளே ஒழுகும். பனிக்கட்டி பெருகி, குளிர்காற்று கீழே இறங்கும் வழியை மூடிவிட்டால் கீழ்த்தட்டு குளிராது. பல வீடுகளில் ஒழுகலும் குளிராமையும் ஒரே கோளாறாக இருப்பது இதனால்தான்.

செலவில்லாத சோதனைகள்

1. ஒரு குவளைத் தண்ணீரில் வெப்பமானியை வைத்து, இரவு முழுவதும் நடுத்தட்டில் விடுங்கள். காலையில் 5 பாகைக்குக் கீழே காட்ட வேண்டும்.

2. கதவு ரப்பருக்கு இடையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்து மறுபடி சோதியுங்கள்.

3. பெட்டியின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, சுருளில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கம்பிரஸர் ஓய்வில்லாமல் ஓடும்.

4. காற்று வரும் துளைகளைச் சட்டியும் பொட்டலமும் அடைத்திருந்தால் நகர்த்தி வையுங்கள். இன்சுலினையும் அந்தத் துளைக்கு அருகில் வைக்காதீர்கள்.

5. கீழ்த்தட்டின் பின்சுவரில் வடிகால் துளை தெரிந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை மெதுவாகச் செலுத்துங்கள். நீர் பின்புறத் தட்டுக்கு இறங்கினால் அடைப்பு நீங்கியது. சில பெட்டிகளில் இந்தத் துளை உறைபனி அறையின் உட்பலகைக்குப் பின்னால் இருக்கும். அதை நீங்கள் கழற்ற வேண்டாம்.

6. உணவையும் மருந்தையும் வேறு இடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். மறுபடி போட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆனால் பனி உருக்கும் ஹீட்டர், அதன் டைமர் அல்லது வடிகால் துளையில் சந்தேகம் கொள்ளலாம். கேஸ் குறைந்திருந்தால், பனியைக் கரைப்பதால் பெட்டி தேறிவிடாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

பனிக்கட்டியைக் கத்தியால் குத்தாதீர்கள். சுருள் மெல்லிய உலோகம். ஒரு குத்தில் ஓட்டையாகிவிடும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன். அது ஓசோன் படலத்தைக் கெடுக்காது, ஆனால் தீப்பற்றக்கூடியது. மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டுமே குளிராமல் கம்பிரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலோ, ‘டக்’ என்ற ஒலியோடு அது அடிக்கடி நின்று போனாலோ, பயிற்சி பெற்ற மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும்.

அவர் “கேஸ் இல்லை” என்றால், “எங்கே கசிந்தது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கார் பெட்ரோலைப் போல ஐஸ் பெட்டியின் கேஸ் எரிந்து தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பும் கேஸ் மறுபடியும் போய்விடும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், இடத்தைக் காட்டுவார். செய்த வேலையைக் குறிப்பிட்டு ரசீதும் வாங்கி வையுங்கள். தகராறு என்று வந்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்க அந்த ரசீது உதவும்.

இந்த வேலை பிடித்துப்போனால் அதையே தொழிலாகவும் கற்கலாம். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் தொடங்கப்பட்டது ஈப்போவில்தான். குளிரூட்டல், குளிர்சாதனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். திறன் தகுதிகள் ஐந்து நிலைகளில் வழங்கப்படுகின்றன. அதற்கு முன், இந்த வார இறுதியில் வீட்டு ஐஸ் பெட்டிக்குள் அந்தக் குவளைத் தண்ணீரையும் வெப்பமானியையும் வைத்துப் பாருங்கள். இன்சுலின் இருக்கும் தட்டிலிருந்தே தொடங்குங்கள்.