மாடியில் ஒரு பசுமைப் புரட்சி!

எல்லாம் ஒரு வீட்டுப்பாடத்தில் ஆரம்பித்தது.

2023 ஜூன். ஸ்கூல் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"அப்பா, சுற்றுச்சூழலைக் காப்பாத்த உங்க வீட்ல என்னென்ன செய்யறீங்கன்னு பத்து பாயின்ட் எழுதணும்."

கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "எழுதிக்கோ. ஒண்ணு... கடைக்குப் போனா மஞ்சப்பை எடுத்துட்டுப் போறோம்."

"அது அம்மா."

"ரெண்டு... அரிசி கழுவின தண்ணியைத் துளசிச் செடிக்கு ஊத்தறோம்."

"அதுவும் அம்மா. நீங்க என்ன பண்றீங்கப்பா?"

யோசித்தேன். கரண்ட் போனால் ஃபேன் போடாமல் இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. தெருமுனை டீக்கடைக்கே, அதாவது 200 மீட்டர் தூரத்துக்கே, பைக்கில் போகிற ஆசாமி நான். ஆறு பாயின்ட்டோடு நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஆறும் அம்மா கணக்கு.

ரோஷம் வந்துவிட்டது. அன்று ராத்திரியே அறிவித்தேன்: "இனிமே நம்ம வீடு பசுமை வீடு!"

தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு என் மனைவி கேட்டாள்: "பெயின்ட் அடிக்கப் போறீங்களா?"

* * *

முதலில் பெட்ரோல். எனக்கு வீடு குரோம்பேட்டை, ஆபீஸ் எழும்பூர். போக வர 40 கிலோமீட்டர். டிராஃபிக்கில் நின்று நின்று போகும் என் பைக் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிக்கும். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோதே நெஞ்சு வலித்தது. ஆனால் வலித்தது பர்ஸுக்காக, பூமிக்காக அல்ல.

"ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கரியமில வாயு வருதுப்பா" என்றாள் மகள்.

"சும்மா இரு. ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான் இருக்கும். எப்படி ரெண்டேகால் கிலோவுக்கு மேல வரும்?"

"பெட்ரோல்ல இருக்கிற கார்பன், காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேருதில்லையா... அந்த எடையும் சேர்ந்துக்கும்." ஒன்பதாம் வகுப்பு, என் பி.காம்.மைப் பரிதாபமாகப் பார்த்தது.

சரி என்று சிக்கன வழிகளைப் படித்தேன். டயரில் காற்று சரியாக இருக்கட்டும் என்றார்கள். வைத்தேன். சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். பச்சை விழுந்ததும் ஸ்டார்ட் ஆகாமல், பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். வேகம் 45, 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்றும் போட்டிருந்தது. காலை ஒன்பது மணி ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த 45-ஐ ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஸார் எங்கள் எல்லோருடைய லட்சியமும்!

அடுத்தது சைக்கிள். கியர் வைத்தது. வாங்கின மறுநாளே ஆபீஸுக்குப் புறப்பட்டுவிட்டேன். பல்லாவரம் வரை நான் சைக்கிளை ஓட்டினேன். மீனம்பாக்கம் வரை சைக்கிள் என்னை ஓட்டியது. அங்கே கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ள, பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் ஒரு 'குட்டி யானை'யைக் கைகாட்டி நிறுத்தி, சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். சுற்றுச்சூழலைக் காப்பாற்றப் போன சைக்கிள், டீசல் வண்டியில் திரும்பி வந்த கதை இது.

"எவ்வளவு கேட்டான்?" என்றாள் மனைவி.

"600."

"ஆறு நாள் பெட்ரோல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

* * *

மனம் தளரவில்லை. அந்த ஜூலையில்தான் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசாங்கமே தக்காளி விற்றது ஞாபகமிருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மொட்டை மாடியில் தோட்டம்!

40 செடிப் பைகள், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், பச்சை நிழல்வலை என்று வந்து இறங்கின. தென்னைநார்க் கழிவு செங்கல் மாதிரி இறுக்கிக் கட்டியாக வரும். தண்ணீர் ஊற்றினால் பல மடங்கு உப்பும். அது தெரியாமல் ஐந்து கிலோ கட்டியைப் பாத்ரூம் பக்கெட்டில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பாத்ரூம் கதவைத் திறக்க முடியவில்லை.

பிறகு மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து, மூடி வைத்து, மூன்று வாரம் கழித்துத் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து தெளித்தால் செடி ஜம்மென்று வரும். வாசனைகூடப் பழ வாசனை மாதிரிதான் இருக்குமாம். நான் வெல்லத்தின் விலையைப் பார்த்துவிட்டு அதில் பாதியைக் குறைத்தேன். வெல்லம் குறைந்தால் அது புளிக்காது, அழுகும் என்பதை மொத்த அபார்ட்மென்ட்டும் பத்தாவது நாள் தெரிந்துகொண்டது. குரோம்பேட்டைப் பூனைகள் எல்லாம் எங்கள் மாடியில் பொதுக்குழு கூட்டின.

அக்டோபரில் அறுவடை. 17 தக்காளி, ஒரு கைப்பிடி பச்சைமிளகாய். செலவு 7,850 ரூபாய். மிளகாயை இனாமாகவே வைத்துக்கொண்டாலும் தக்காளி ஒன்று 461 ரூபாய், சில்லறை தனி. அதற்குள் மார்க்கெட்டில் விலை சரிந்து, தக்காளி கேட்பாரற்றுக் கிடந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தக்காளியில் வைத்த ரசத்தை என் மகள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். விலை கேட்காமல் சாப்பிட்டால் ருசிதான்.

* * *

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். மாடியில் பைகள் காற்றில் உருண்டன. மிச்சமிருந்தவை ஊறி வேர் அழுகின. கீழே பார்க்கிங்கில் என் பைக் ஸீட் வரை தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய், மெக்கானிக் ஷெட்டில் மூன்று வாரம்.

வேறு வழியில்லாமல் மின்சார ரயிலில் ஏறினேன். பீச் - தாம்பரம் மார்க்கத்தில் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. என் வீட்டிலிருந்து கால் மணி நடையில், 90 வருஷத்துக்கு மேலாக அது போய்க்கொண்டிருக்க, நான் மீனம்பாக்கத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்! மூன்று நாள் பெட்ரோல் காசுக்குள் ஒரு மாச ஸீஸன் டிக்கெட் வந்துவிட்டது. ரயிலுக்கான கரண்டிலும் நிலக்கரி எரிகிறதுதான். ஆனால் அத்தனை கூட்டத்துக்கும் பங்கு போட்டால் என் பங்கு துளிதான். எழும்பூர் வரை தூங்கலாம் என்பது போனஸ். வண்டி ரிப்பேராகி வந்த பிறகும் ரயிலை விடவில்லை.

மாடியிலும் மறுபடி விதை போட்டோம். இந்தத் தடவை அபார வளர்ச்சி. 2024 கோடையில் வெண்டை, கத்தரி, அரைக்கீரை, புடலை என்று பச்சைப்பசேல். நான் போட்டோ எடுத்து ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். ஆபீஸில் என் பெயரே 'பசுமை ஸார்' ஆகிவிட்டது.

புகழின் உச்சம், ஆகஸ்ட் 15. அபார்ட்மென்ட் கொடியேற்று விழாவில் செகரட்டரி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் மைக்கைப் பிடித்து, பூமி சூடாவதிலிருந்து புடலங்காய் வரை இருபது நிமிஷம் பேசினேன். கைதட்டல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்:

"எங்க வீட்டு மிளகாய்ச் செடியில இலையெல்லாம் சுருண்டு போகுது ஸார். உங்களுக்கு அப்படி ஆச்சா? என்ன பண்ணீங்க?"

மைக் என் கையில். பதில் என்னிடம் இல்லை. அந்தப் பிரச்னை எங்கள் செடிக்கு வந்ததா என்பதே எனக்குத் தெரியாது!

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி. "இலைப்பேன்ங்க அது. நானும் ஏப்ரல்ல பார்த்தேன். வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து, இலைக்கு அடிப்பக்கமா சாயந்திரத்துல தெளிங்க. ரொம்பச் சுருண்டதைக் கிள்ளி எறிஞ்சிடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதை அப்போதுதான் பார்த்தேன்.

* * *

வீட்டுக்கு வந்து பொன்னாடையை நாற்காலியில் போட்டேன். அவள் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"ஏங்க, நாளைலேர்ந்து ஒரு மாசம் நீங்க தண்ணி தூக்குங்க. நான் பேசறேன்."

எங்கள் வீடு முதல் மாடி. மொட்டை மாடிக்கு 36 படி. 2019 பஞ்சத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சமயத்தில் மாடிக் குழாயை அசோசியேஷன் அடைத்தது. திறக்கவே இல்லை. கோடையில் ஒரு பைக்கு இரண்டு லிட்டர் என்றால், 40 பைக்கு 80 லிட்டர். பத்து லிட்டர் பக்கெட்டில் எட்டு நடை. தினமும் 80 கிலோ, 288 படி ஏற்றம். அவ்வளவே இறக்கம். மாசியிலிருந்து ஆடி வரை, மழை நாள் தவிர.

கணக்கு அதோடு நிற்கவில்லை. பைக்கில் போன காலத்தில் எட்டேகாலுக்குக் கிளம்பி, மகளை ஸ்கூலில் இறக்கிவிட்டுப் போவேன். ரயிலுக்காக ஏழே முக்காலுக்கே கிளம்ப ஆரம்பித்ததும் அந்த வேலை யார் தலையில் விழுந்தது? நான் கேட்டதே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சமைத்து, அவசரமாக ஆட்டோ பிடித்துப் பெண்ணை விட்டுவிட்டு வந்துதான் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்டோவுக்கு 60 ரூபாய். நான் நாளுக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்ததாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதில் 60 ரூபாய் அவள் தைத்த ப்ளவுஸ் காசிலிருந்து போயிருக்கிறது.

பெட்ரோலை நான் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவள் முழங்காலில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"செடி எனக்கும் பிடிக்கும்ங்க. அதான் சொல்லலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

* * *

மறுநாள் ஐந்தரைக்கு பக்கெட்டைத் தூக்கினேன். முதல் நாள் மூன்றாவது நடையில் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் இடுப்பு தனி மாநிலம் கேட்டது. ஐந்தாம் நாள் எனக்கு அபாரமான யோசனைகள் வர ஆரம்பித்தன.

காய்ந்த சருகையும் தேங்காய் நாரையும் பைகளில் மூடாக்காகப் போட்டேன். மண் சீக்கிரம் காயவில்லை. தினமும் ஊற்றியது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. மேல்வீட்டுக்காரர்கள் இருவரிடம் பேசி, அவர்கள் ஏ.ஸி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்தேன். உப்பில்லாத தண்ணீர், செடிக்கு நல்லது. 40 பையை 24 ஆகக் குறைத்தேன். கடைசியாகச் செகரட்டரியிடம் போய், "ஸார், அந்த மாடிக் குழாயைச் சாயந்திரம் அரைமணி நேரம் திறக்கக் கூடாதா? தண்ணிக்குத் தனியா காசு கொடுத்துடறோம்" என்றேன்.

"தாராளமா! இதுவரைக்கும் யாரும் கேட்கலையே?"

இரண்டு நிமிஷ வேலை. அவள் மாசக்கணக்கில் தூக்கியபோது எனக்குத் தோன்றாத யோசனை, நான் ஐந்து நாள் தூக்கியதும் தோன்றிவிட்டது. தூக்குகிறவனுக்குத்தான் ஸார் குழாய் கண்ணில் படும்.

மீனம்பாக்கம் வீரர் சைக்கிள், ஸீட்டை இறக்கியதும் மகளுக்குப் பொருந்திவிட்டது. ஸ்கூல் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆட்டோ செலவு மிச்சம். மனைவியை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். இப்போது அவள் மாடிக்கு வருவது பறிக்கவும், எனக்கு உத்தரவு போடவும் மட்டும்தான். "அந்தக் கத்தரிக்கு நேத்துதானே ஊத்தினீங்க? அழுகிடும்!" என்ற குரல் படிக்கட்டிலிருந்தே கேட்கும்.

மார்க்கெட்டுக்குப் போவதை நாங்கள் நிறுத்திவிடவில்லை. கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் வாங்குவதில்லை, அவ்வளவுதான். பூமியின் சூடு இதனால் எத்தனை குறைந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சூடு குறைந்திருக்கிறது.

போன வாரம் பழைய நோட்டுகளை எடைக்குப் போட எடுத்தபோது, அந்த ஒன்பதாம் வகுப்பு நோட்டு கிடைத்தது. ஆறு பாயின்ட்டுக்குக் கீழே நான்கு கோடு காலியாக இருந்த இடத்தில், எப்போது எழுதினாளோ, பென்சிலில் ஒரு வரி:

'7. அப்பா தண்ணீர் தூக்குகிறார்.'

அந்த நோட்டை மட்டும் எடைக்குப் போடவில்லை. இன்னும் மூன்று கோடு காலியாக இருக்கிறதே!