தினமும் அறுபது போகி

மாஸ்டர் செக்கப் செய்துகொண்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கிரியாட்டினின் 1.2 வந்திருக்கிறது. நார்மல்தான் என்று லேபில் சொன்னார்கள். கிட்னியைச் சுத்தம் செய்யும் ஜூஸ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்முறை வந்தது. குடிக்கலாமா?”

வேண்டாம். சிறுநீரகத்தில் அழுக்கு தேங்குவதும் இல்லை, அதை ஜூஸால் கழுவிவிடவும் முடியாது. அது வேலை செய்யும் முறையே வேறு. உடலுக்குள் நடப்பவற்றில் என்னை அதிகம் வியக்க வைப்பதும் அந்த முறைதான்.

ரத்தத்தில் கழிவு எது என்று தேடிப் பொறுக்குவதில்லை சிறுநீரகம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பாய், பெட்டி, பாத்திரம் என எல்லாவற்றையும் தெருவில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துவருவோமே, அதுதான் அதன் வழி. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் தந்துகி முடிச்சு ஒன்று. அங்கே ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வீட்டிலேயே நின்றுகொள்ள, நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் தெருவுக்கு வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர்! உடலில் இருக்கும் பிளாஸ்மாவே சுமார் 3 லிட்டர்தான். அப்படியென்றால் இந்த வீட்டில் தினமும் 60 போகி. தெருவுக்கு வரும் உப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சில கிராம் போக மீதி அத்தனையும் வீடு திரும்புகிறது. சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடுகிறது. கடைசியில் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் போல.

ஏன் இத்தனை பாடு? கழிவு எது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை. நேற்று ஆய்வுக்கூடத்தில் பிறந்த ரசாயனம் ஒன்று ரத்தத்தில் கலக்கிறது. அது நீரில் கரைவது, புரதத்தோடு ஒட்டாதது என்று வையுங்கள். அதைத் தூக்கி உள்ளே கொண்டுவர ஆள் இல்லை. தெருவிலேயே கிடந்து போய்விடும். தூக்கி வருவோர் கணக்காகத்தான் இருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால் அவர்களால் முடிவதில்லை. சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது. கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேண்டுமென்றே அவர்களின் கையைக் கட்டுகின்றன. சர்க்கரை நோய்க்கென வந்த இவை சிறுநீரகச் சீரழிவையும் தாமதப்படுத்துகின்றன. பெரிய பரிசோதனைகளில் தேறியதால் இந்த ஒன்றை நம்புகிறேன்.

வரலாறு சுருக்கமாக: நெஃப்ரானின் தலைப்பகுதியை 1842-ல் பவ்மன் விவரித்தார், அங்கே நடப்பது வடிதல் என்று லுட்விக் சொன்னார். நெடுங்காலச் சண்டைக்குப் பிறகு, 1924-ல் வேர்ன், ரிச்சர்ட்ஸ் இருவரும் தவளையின் நெஃப்ரானில் மிக நுண்ணிய குழாயைச் செருகி வடிநீரை உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இல்லை.

இனி 1.2. தசையிலிருந்து கிரியாட்டினின் அநேகமாக ஒரே வேகத்தில் ரத்தத்துக்கு வருகிறது. தெருவுக்குப் போனால் திரும்புவதில்லை. வடிகட்டும் வேகம் பாதியானால் ரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாகும். சில ஆண்டுகளுக்கு முன் 0.6 இருந்தவருக்கு இன்று 1.2 என்றால், இரண்டுமே ‘நார்மல்’ கட்டத்துக்குள் இருக்கலாம். ஆனால் பாதித் திறன் போயிருக்கிறது. உடற்பயிற்சி செய்யும் இளைஞருக்கு அதே 1.2 சாதாரணம். மெலிந்த பாட்டிக்கு அப்படியல்ல. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேலாக அது 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த எண் நன்றாக இருக்கும்போதே ஆல்புமின் கசியத் தொடங்கலாம். அதனால் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே இருப்பது நல்லது.

ஜூஸுக்கு வருவோம். பிலிம்பி, நட்சத்திரப் பழம் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். தெருவுக்கு வந்த நீர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வீடு திரும்ப, ஆக்சலேட் செறிந்து, கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி நெஃப்ரானின் நுண்குழாயை அடைக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிச் சாற்றைத் திக்காகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.